பத்தில் ஒரு பங்கு உப்பு

கடல் இன்றைக்கு இருக்கிற இடத்தில்தான் அன்றைக்கும் இருந்தது. அரசர்கள்தான் வேறு. அப்படியொரு காலத்தில், செங்கழி நாட்டை இளந்திருமாறன் என்ற அரசன் ஆண்டு வந்தான். நல்லவன்தான். கோபம் சட்டென்று வரும், வந்த வேகத்தில் போய்விடும். ஆனால் யார் கடைசியாக வந்து காதில் பேசினார்களோ, அவர்கள் பேச்சுத்தான் அவனுக்குச் சரியென்று படும். இந்த ஒரு குறையை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

அந்த அரசனுக்குக் கடலோரத்தில் பெரிய உப்பளம் ஒன்று சொந்தமாக இருந்தது. அளத்தை ஒட்டிய ஓலைக் குடிசைகளில் உப்பளத்துக் குடும்பங்கள் இருந்தன. வேலை அரண்மனை வேலை, கூலி அரண்மனை நெல். சாயங்காலம் முரசு அடித்ததும் வரிசையில் நின்றால் ஆளுக்கு இரண்டு படி அளந்து போடுவார்கள். நாள் முழுக்க வெயிலில் வெந்தவனுக்கும் இரண்டு படி. பனைமர நிழலில் குறட்டை விட்டவனுக்கும் இரண்டு படி. முரசுச் சத்தம் கேட்டால் குறட்டை விட்டவன்தான் வரிசையில் முதலில் நிற்பான், நன்றாகத் தூங்கியவன் காலில் தெம்பு இருக்குமல்லவா!

உப்பு எப்படி இருந்திருக்கும் என்று நானா சொல்ல வேண்டும்? கறுப்பு. குழம்பில் போட்டால் பல்லில் மண் நறநறக்கும். சனங்கள் அரண்மனை உப்பைத் தொடாமல், அக்கரையிலிருந்து கப்பலில் வரும் உப்பை அதிக விலை கொடுத்து வாங்கினார்கள். வாங்க முடியாத ஏழைகள் மண்ணைத் தின்றார்கள்.

ஒருநாள் அரசன் வாயிலேயே நறநறத்தது. விருந்துக்கு வந்திருந்த பக்கத்து நாட்டு அரசன் வாயிலும் அதே நேரத்தில் நறநறத்தது. அவ்வளவுதான். பழைய உப்பள அதிகாரிக்கு அன்றைக்கே வேலை போயிற்று. அந்த இடத்துக்கு நம்பிக்கூத்தன் என்பவனை அரசன் அழைத்தான்.

நம்பிக்கூத்தன் படித்தவன், நேர்மையானவன், நல்ல மனசுக்காரன். கணக்குத் தெரியும், சட்டம் தெரியும், நட்சத்திரம் பார்க்கத் தெரியும். உப்பளம் மட்டும் தெரியாது.

“மூன்று கோடை தருகிறேன்,” என்றான் அரசன். “அதற்குள் என் உப்பு என் நாட்டில் விலைபோக வேண்டும். போகாவிட்டால் அளத்தை அக்கரை வணிகனுக்குக் குத்தகைக்கு விட்டுவிடுவேன். அவன் தன் ஆட்களைக் கூட்டி வருவான். இப்போது இருப்பவர்கள் குடிசையைக் காலி செய்துவிட்டு வேறு பிழைப்புப் பார்த்துக்கொள்ளட்டும்.”

இந்தச் செய்தி நம்பிக்கூத்தனுக்கு முன்னாலேயே அளத்துக்குப் போய்விட்டது. அவன் வண்டியை விட்டு இறங்கும்போதே கூட்டம் சூழ்ந்துகொண்டது. கூட்டத்தின் முன்னால் ஆவுடையாள் நின்றாள். வாட்டசாட்டமான பெண், ஓர் உப்புப் பாத்தியில் சேர்ந்து வேலை செய்யும் பாத்திக் கூட்டத்துக்குத் தலைவி. அவள் வாய்க்கு அந்த அளமே பயப்படும்.

“ஐயா, எங்களுக்குன்னு வேற ஊர் கிடையாது. எங்க அடுப்பு எரிஞ்சா இங்கதான் எரியணும்,” என்றாள்.

நம்பிக்கூத்தனுக்கு மனசு இளகிவிட்டது. “எரியும் அம்மா. நான் இருக்கிறவரை எரியும்,” என்று சொல்லிவிட்டான். சொன்ன பிறகுதான், எப்படி எரிய வைக்கப்போகிறோம் என்று யோசித்தான்.

முதலில் அவனுக்குத் தோன்றியது கூடைக் கணக்கு. “இனிமேல் எல்லாருக்கும் ஒரே கூலி கிடையாது. எவ்வளவு கூடை உப்போ, அவ்வளவு நெல்!” என்று அறிவித்தான்.

அடேயப்பா, என்ன சுறுசுறுப்பு! பனைமர நிழல் காலியாயிற்று. கூடைகள் பறந்தன. கரையில் அம்பாரம் அம்பாரமாக உப்புக் குவிந்தது. நம்பிக்கூத்தன் மகிழ்ந்துபோய் முதல் வண்டியை அரண்மனைக்கு அனுப்பினான். வண்டியோடு பதிலும் திரும்பி வந்தது. ‘அனுப்பியது கிடைத்தது. சுவர் பூச உதவும். சமையலுக்கும் கொஞ்சம் உப்பு அனுப்பவும்.’ அரண்மனைச் சமையற்காரனுக்கு வாய்த்துடுக்கு அதிகம்.

என்ன நடந்தது தெரியுமா? கோடை பிறக்கும் முன்னால் பாத்தித் தரையை நனைத்து, நாள்கணக்கில் காலால் மிதித்து இறுக்க வேண்டும். தரை கல்லாக இறுகினால்தான் உப்பு மண் ஒட்டாமல் வரும். ஆனால் மிதிப்பதில் ஒரு கூடையும் நிறையாது. நிறையாத கூடைக்கு நெல் ஏது? அதனால் அந்த வருஷம் யாரும் மிதிக்கவில்லை. உப்போடு மண்ணும் வந்தது. மண் வந்தால் கூடை சீக்கிரம் நிறைந்தது. அவர்களுக்கு அதில் வருத்தமும் இல்லை.

“சரி, வெள்ளை உப்புக்கு மட்டும்தான் நெல்,” என்று மாற்றினான் நம்பிக்கூத்தன்.

இப்போது எல்லாரும் பாத்தியின் மேலே படரும் மெல்லிய ஏட்டை மட்டும் வழித்தெடுத்தார்கள். கீழே கிடந்த உப்பைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை. வாய்க்காலிலிருந்து பாத்திக்குக் கடல்நீர் இறைப்பவர்கள், “நாங்க உப்பைத் தொடுறதே இல்ல. எங்களுக்கு எது வெள்ளை, எது கறுப்பு?” என்று கேட்டுவிட்டு இறைகூடையைக் கவிழ்த்து வைத்தார்கள். பாத்திகள் வறண்டு வெடித்தன. வெள்ளை உப்பு வந்தது, வரவில்லை என்று சொல்ல மாட்டேன். அரசன் ஒரு வாரம் தயிர்ச்சோறு தின்னப் போதும். முதல் கோடை இப்படிப் போயிற்று.

அடுத்த கோடைக்குக் கையில் தடியோடு கங்காணிகளை நிறுத்தினான். தூரத்தில் கங்காணி தலை தெரிந்ததும் ஒருத்தி ஏலேலோ பாட்டெடுப்பாள். பாட்டுக் கேட்டதும் எல்லாக் கையும் ஓடும். கங்காணி தாண்டிப் போனதும் பாட்டு நிற்கும், கையும் நிற்கும். மீன்குழம்பு நன்றாக வைக்கிற வீட்டுப் பக்கம் கங்காணி தலையைத் திருப்புவதே இல்லை. கங்காணிகளைப் பார்த்துக்கொள்ளப் பெரிய கங்காணிகளைப் போட்டான். அவர்களுக்கும் மீன்குழம்பு பிடித்திருந்தது. இரண்டாம் கோடை முடிந்தபோது கங்காணிகள் கொழுத்திருந்தார்கள், உப்பு கறுத்தே இருந்தது.

இன்னும் ஒரே ஒரு கோடை. நம்பிக்கூத்தனுக்குச் சோறு இறங்கவில்லை. அவனுக்கென்ன, வேலை போனால் இன்னொரு வேலை. இந்தச் சனங்கள் சட்டிபானையைத் தூக்கிக்கொண்டு எங்கே போவார்கள் என்பதுதான் அவனை அரித்தது. எரியும் என்று வாய் கொழுத்துச் சொன்னவன் அவன்தானே!

அந்தச் சமயத்தில் ஆவுடையாள் மகளுக்குக் காதுகுத்து வந்தது. அதிகாரியையும் அழைத்திருந்தார்கள். இலை போட்டு, ஓரத்தில் உப்பு வைத்தார்கள். நம்பிக்கூத்தன் இலையைப் பார்த்தான். உப்பு முல்லைப்பூ மாதிரி இருந்தது. ஒரு கல்லை எடுத்து நாக்கில் வைத்தான். மண் இல்லை, கசப்பு இல்லை.

“இது எந்தக் கப்பலில் வந்த உப்பு?” என்று கேட்டான்.

பந்தியில் எல்லாரும் அவரவர் இலையைக் குனிந்து பார்த்தார்கள். பரிமாறிக்கொண்டிருந்த ஆவுடையாள் மட்டும் நிமிர்ந்து நின்றாள்.

“கப்பல்ல வரல ஐயா. எங்க எல்லா வீட்டுக்கும் அளத்தோட மூலையில கையகலப் பாத்தி ஒண்ணு உண்டு. ஊறுகாய்க்கும் கருவாட்டுக்கும் நாங்களே விளைச்சுக்கிறது.”

“அதே கடல், அதே வெயில், அதே கை! இரண்டு கோடையாக என்னை முட்டாளாக்கியிருக்கிறீர்களா?”

“நாங்க யாரையும் முட்டாளாக்கல,” என்றாள் ஆவுடையாள். “எங்க அப்பன் காலத்துல ஒரு அதிகாரி வந்தார். பெரிய அம்பாரம் ஒண்ணு கூடுதலா குவிச்சா ஆளுக்கொரு வேட்டி, சேலைன்னார். உசிரைக் கொடுத்துக் குவிச்சாங்க. சேலையும் குடுத்தார், இல்லைன்னு சொல்லல. அடுத்த வருசம் என்ன சொன்னார் தெரியுமா? ‘உங்களால இவ்வளவு முடியும்னு தெரிஞ்சுபோச்சு. இனி அந்தப் பெரிய அம்பாரத்தைக் குவிச்சாத்தான் தினக்கூலியே.’ அவர் போனதும் அந்தக் கணக்கும் போச்சு, ஆனா அன்னைக்கே முடிவு பண்ணிட்டாங்க எங்காளுங்க. பாதிக் கையைக் காட்டுறது, பாதிக் கையை மடக்கி வச்சுக்கிறது. வீட்டுப் பாத்தியில மட்டும் ரெண்டு கையும் வேலை செய்யும். அது எங்க வாய்க்குப் போறது பாருங்க.”

நம்பிக்கூத்தனுக்குக் கோபம் வந்தது. கோபம் அடங்கியதும் வெட்கம் வந்தது. வெட்கத்தோடு வெட்கமாக இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டான், நாள்கணக்கில் பட்டினி கிடந்தவன் வேறென்ன செய்வான்!

அதற்கப்புறம் சில நாள் அந்த மூலைப் பாத்திகளையே சுற்றிச் சுற்றி வந்தான். அங்கே ஒரு வீடே சேர்ந்து வேலை செய்தது. புருஷன் மிதித்தான், மகன் இறைத்தான், மனைவி வாரினாள், கிழவர் ஓலை போட்டு மூடினார். யாரும் கூடையை எண்ணவில்லை. யாரும் தடியோடு நிற்கவில்லை. நாம் இதுவரை கூடையை வாங்கினோம், வெண்மையை வாங்கினோம், பயத்தை வாங்கினோம், உப்பை வாங்கவே இல்லை என்று அவனுக்கு உறைத்தது.

ஆவுடையாளைக் கூப்பிட்டான். “தினக்கூலி இரண்டு படி நெல் எப்போதும் போல உண்டு, அதில் கை வைக்க மாட்டேன். அதற்கு மேல், விற்கிற உப்பில் பத்தில் ஒரு பங்கு உங்களுக்கு. கூடைக்காரருக்கு மட்டும் இல்லை. மிதிப்பவர், இறைப்பவர், வாருபவர், மூடுபவர் என்று ஒரு பாத்திக் கூட்டத்துக்கே அந்தப் பங்கு. உப்பு விற்காமல் திரும்பி வந்தால் பங்கும் கிடையாது. என் சம்பளமும் இனி அந்த உப்பிலிருந்துதான். செய்வீர்களா?”

ஆவுடையாள் தலையாட்டினாள். “செய்வோம். ஆனா எங்க பங்கு பெருத்தப்புறம் பத்தை இருபதாக்கிட மாட்டாங்கன்னு யார் சொல்றது? நீங்க சொன்னாப் பத்தாது ஐயா, கோவிச்சுக்காதீங்க. மகாராசா வாயால வரணும்.”

நம்பிக்கூத்தன் தலைநகருக்குப் போய் அரசனிடம் கேட்டான். அன்றைக்கு அரசன் காதில் கடைசியாகப் பேசியவன் நம்பிக்கூத்தன்தான். அதனால் வேலை சுலபமாக முடிந்தது. “பத்தில் ஒரு பங்கு. நான் அரியணையில் இருக்கும்வரை அது மாறாது,” என்று சபையில் எழுந்து நின்று சொன்னான் அரசன். அதை அளத்தில் பறையடித்துச் சொன்னார்கள்.

மூன்றாம் கோடை பிறந்தது. யாரும் சொல்லாமலே தரை மிதிபட்டது. அப்படி மிதித்ததை அந்த அளம் அதுவரை கண்டதில்லை. மிதிக்கிறவன் சோர்ந்தால் வாருகிறவள் அதட்டினாள். இறைக்கிறவன் பிந்தினால் மிதித்தவன் போய் இறைத்தான். கங்காணிகளுக்கு வேலை இல்லாமல் போயிற்று. மீன்குழம்பும் இல்லாமல் போயிற்று. ஏலேலோ பாட்டு மட்டும் நிற்கவில்லை, இப்போது சும்மா பாடினார்கள்.

உப்பு வெளுத்தது. முதல் வண்டியை அனுப்பினார்கள், திரும்பி வரவில்லை. இரண்டாம் வண்டியை அனுப்பினார்கள், திரும்பி வரவில்லை. மூன்றாம் வண்டி கிளம்பும் முன்பே வாங்குகிறவர்கள் தங்கள் வண்டிகளோடு அளத்து வாசலில் வந்து நின்றார்கள். அக்கரைக் கப்பல் உப்போடு வந்து, உப்போடு திரும்பிப் போயிற்று. அரசனின் கருவூலம் நிறைந்தது. அளத்துக் குடும்பங்களின் குதிர்களும் நிறைந்தன. பெண்கள் புதுச் சேலை உடுத்தினார்கள். குத்தகைப் பேச்சு எடுப்பாரின்றிப் போயிற்று. கதை இங்கேயே முடிந்திருக்கலாம். முடிய விட்டால்தானே!

ஏகாம்பரர் என்று ஒருவர் அரண்மனைக் கருவூலத்துக்குத் தலைவர். ஒரு காசைக்கூடத் திருடாதவர், ஒரு காசைக்கூட மனசாரக் கொடுக்காதவர். அவர் கண்ணில் அந்தப் புதுச் சேலைகள் பட்டன. அரசன் தனியாக இருந்த நேரம் பார்த்துக் காதருகே போனார்.

“மகாராஜா, உப்பு வாருகிறவளுக்கு அரண்மனைக் காவலனைவிட அதிகம் போகிறது. அவர்கள்தான் வேலையைப் பழகிவிட்டார்களே? இனி முப்பதில் ஒரு பங்கு கொடுத்தாலும் கை தானாக ஓடும். பத்தில் ஒன்று எதற்கு?”

அரசனுக்கு அது சரியென்று பட்டது. உடனே நம்பிக்கூத்தனை வரவழைத்தான்.

“மகாராஜா, வாக்குக் கொடுத்திருக்கிறீர்களே!” என்று பதறினான் நம்பிக்கூத்தன்.

“பங்கே இல்லை என்றா சொன்னேன்? கொஞ்சம் குறைக்கிறேன், அவ்வளவுதானே. நாளை மறுநாள் உப்பைப் பார்க்க அளத்துக்கு வருகிறேன். அதற்குள் நீயே சொல்லிவிடு. நான் வரும்போது எல்லார் முகமும் சிரித்தாற்போல் இருக்கட்டும்.”

கேட்டீர்களா நியாயத்தை! வயிற்றில் அடிக்க வேண்டும், முகமும் சிரிக்க வேண்டும்.

நம்பிக்கூத்தன் அளத்துக்குத் திரும்பினான். சொல்லிவிடலாம் என்று இறைக்கிறவர்களிடம் போனான். அவர்கள் நுங்கு வெட்டிக் கையில் கொடுத்தார்கள், தின்றுவிட்டு வந்துவிட்டான். வாருகிறவர்களிடம் போனான். பிறந்த குழந்தை ஒன்றைக் கையில் கொடுத்து, நல்ல பேராக ஒன்று சொல்லுங்கள் என்றார்கள், பேர் சொல்லிவிட்டு வந்துவிட்டான். கடைசியில் ஆவுடையாளிடம் போனான். அவன் வாயைத் திறக்கும் முன்னால் அவளே பேசினாள்.

“அடுத்த கோடைக்கு மேற்கால இன்னும் பாத்தி வெட்டலாம்னு பேசிக்கிட்டிருக்கோம் ஐயா. யாரும் கேக்கல. நாங்களாத்தான்.”

அவன் வந்த சேதியைச் சொல்லாமலே வீட்டுக்குப் போய்ப் பாயில் விழுந்தான்.

அரசன் வரும் நாள் வந்தது. ஏகாம்பரர் தம் ஆட்களோடு முன்கூட்டியே வந்து பந்தல் போடச் சொன்னார். பந்தலுக்கு ஓலை? கரையிலே வெள்ளை வெள்ளையாக நின்ற அம்பாரங்களின் மேல் மூடியிருந்த ஓலையையெல்லாம் எடுக்கச் சொன்னார். “உச்சிக் கோடையில் மழையா பெய்யப்போகிறது? மூடி வைத்தால் மகாராஜா எதைப் பார்ப்பார்?” என்றார். நம்பிக்கூத்தனுக்கு வேறு கவலை மண்டையைக் குடைந்ததால் அவனும் தலையாட்டிவிட்டான். பந்தல் பிரமாதமாக எழுந்தது.

அரசன் வந்து அமர்ந்தான். அம்பாரங்கள் வெயிலில் கண்ணைப் பறித்தன. அரசன் மனம் குளிர்ந்து, “சொல்லிவிட்டாயா?” என்று நம்பிக்கூத்தனை மெல்லக் கேட்டான்.

அப்போதுதான் காற்று மாறியது. ஈரக்காற்று. கடலுக்கு மேலே கறுத்துத் திரண்டு ஒரு மேகம் கரையை நோக்கி வந்துகொண்டிருந்தது.

உப்பளத்துக்காரர்களுக்கு அதை யாரும் விளக்க வேண்டாம். விற்றது போக மிஞ்சிய விளைச்சல் முழுக்கத் திறந்து கிடந்தது. மூட ஓலை இல்லை, எல்லா ஓலையும் அரசன் தலைக்கு மேலே. அரசன் பந்தலில் யார் கை வைப்பது? ஒரு கணம் நின்றார்கள். பிறகு எல்லாரும் குடிசைகளை நோக்கி ஓடினார்கள்.

“எங்கே ஓடுகிறார்கள்?” என்று கேட்டான் அரசன். பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவர்கள் தங்கள் வீட்டுக் கூரைகளின்மேல் ஏறினார்கள். சொந்தக் கூரையைப் பிரித்து ஓலையைக் கீழே வீசினார்கள். கீழே நின்றவர்கள் அதைப் பொறுக்கி அம்பாரங்களின் பக்கம் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். தொட்டிலில் கிடந்த குழந்தைகள் திடீரென்று வெளிச்சம் பட்டு அழுதன.

ஆவுடையாள் தன் கூரைமேல் நின்று இரண்டு கையாலும் பிரித்துக்கொண்டிருந்தாள். நம்பிக்கூத்தன் அதைப் பார்த்தான். வாயை மூடிக்கொண்டிருந்தால் உப்புத் தப்பும், அரசன் மகிழ்வான், தன் வேலையும் தப்பும். ஆனால் இல்லாத பங்குக்காக இவர்கள் இருக்கிற கூரையையும் இழப்பார்கள். பார்த்துக்கொண்டு நிற்க அவனால் முடியவில்லை. பந்தலை விட்டு வெளியே ஓடி வந்து, அடிவயிற்றிலிருந்து கத்தினான்.

“பிரிக்காதீர்கள்! கூரையைப் பிரிக்காதீர்கள்! பத்தில் ஒன்று இனி இல்லை! முப்பதில் ஒன்று என்று ஆகிவிட்டது! நான்தான் சொல்லாமல் மறைத்தேன்!”

ஓடியவர்கள் ஓடிய இடத்திலேயே நின்றார்கள். கையில் ஓலையோடு அம்பாரத்தருகே போனவர்களும் நின்றார்கள். ஆவுடையாள் கூரையிலிருந்து மெல்ல இறங்கினாள். அவசரமே இல்லாமல் நடந்து பந்தலுக்கு முன்னால் வந்து கும்பிட்டாள்.

“மகாராசா, அந்த உப்பு யாரோடது?”

ஏகாம்பரர் சட்டென்று அரசன் காதருகே குனிந்தார். “பத்தில் ஒன்றே தருகிறேன் என்று இப்போதைக்குச் சொல்லி வையுங்கள். மழை போகட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.”

ஆவுடையாளுக்கு அது காதில் விழுந்ததோ என்னவோ, அவள் சொன்னாள். “மழைக்குப் பயந்து சொல்றதா இருந்தா வேண்டாம் மகாராசா. கரையுற உப்பு கரையட்டும். எங்க கூரையாவது மிஞ்சும்.”

அரசன் அந்தக் குடிசைகளைப் பார்த்தான். பாதி பிரிந்த கூரைகளின் வழியே அடுப்புகள் தெரிந்தன, பாய்கள் தெரிந்தன, மேலே பார்த்து அழும் குழந்தைகள் தெரிந்தன. பிறகு தன் தலைக்கு மேலே நிமிர்ந்து பார்த்தான். அவனுக்கு அப்போதுதான் புரிந்தது, தான் யாருடைய ஓலையின் கீழ் உட்கார்ந்திருக்கிறோம் என்று. வாழ்நாளில் முதல் முறையாக, யார் வாயையும் பார்க்காமல் அவனே எழுந்தான். கையை உயர்த்திப் பந்தலின் ஓலையைப் பற்றி இழுத்தான். கட்டு அறுந்து ஓலை அவன் தோளில் விழுந்தது.

“கூரையைத் திரும்பப் போடுங்கள்!” என்று கத்தினான். “உப்பை மூட இந்த ஓலை போதும், முதலில் என் பந்தலைப் பிரியுங்கள்! இன்றைக்கும் பத்தில் ஒன்று, இந்த மேகம் போன பிறகும் பத்தில் ஒன்று! நான் சொன்ன சொல்லை நானே மாற்ற நினைத்தேன், அது என் தப்பு!”

ஆவுடையாள் அவன் முகத்தை ஒரு கணம் பார்த்தாள். பிறகு திரும்பி, “என்னடா பார்த்துக்கிட்டு நிக்கிறீங்க, மரம் மாதிரி!” என்று ஓர் அதட்டல் போட்டாள். அவ்வளவுதான், பந்தல் பறந்தது. அரசனும் ஒரு முனையைப் பிடித்தான், நம்பிக்கூத்தன் மறுமுனையைப் பிடித்தான். கிரீடம் எங்கோ உருண்டது, யாரும் தேடவில்லை. மழை கொட்டியது. ஏகாம்பரர் குடையை விரித்தார், காற்று அதைத் திருப்பிப் போட்டுவிட்டது. குடை விரித்த கோலத்தில் அவர் நனைந்த நனைவை இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கலாம்.

மழை ஓய்ந்தபோது ஓரமாக இருந்த இரண்டு அம்பாரம் கரைந்து ஓடியிருந்தது. மற்றதெல்லாம் தப்பித்தது. அரசன் சேற்றில் நின்று கரைந்த இடத்தையே பார்த்தான்.

“வருத்தப்படாதீங்க மகாராசா,” என்றாள் ஆவுடையாள், சேலையைப் பிழிந்துகொண்டே. “போனதுலயும் பத்தில் ஒண்ணு எங்களோடதுதான்.”

அரசன் வாய்விட்டுச் சிரித்தான். பிறகு நம்பிக்கூத்தன் பக்கம் திரும்பினான். நம்பிக்கூத்தன் தண்டனைக்குத் தயாராகக் கைகட்டி நின்றான். “என் உத்தரவை இவ்வளவு சத்தமாகவா சொல்வது?” என்றான் அரசன். “அடுத்த முறை என்னிடமே சத்தமாகச் சொல். நான் தப்பாக உத்தரவு போடும்போதே சொல்.” அவ்வளவுதான் தண்டனை.

ஏகாம்பரரையும் அரசன் விரட்டவில்லை. “இன்றிலிருந்து உம்முடைய சம்பளமும் இந்த உப்பிலிருந்துதான்,” என்று மட்டும் சொன்னான். அடுத்த கோடையில் போய்ப் பார்த்திருந்தால் உங்களுக்கே சிரிப்பு வந்திருக்கும். விடிந்ததும் அளத்தங்கரைக்கு வந்து, நெற்றியில் கை வைத்து, கடல்மேல் மேகம் தெரிகிறதா என்று முதலில் பார்ப்பவர் ஏகாம்பரர்தான். தப்பித்தவறி ஒரு அம்பாரத்தில் ஓலை விலகியிருந்தால், யாரையும் கூப்பிடாமல் அவரே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மூடிவிட்டுப் போவார்.

மேற்கே புதுப் பாத்திகள் வெட்டினார்கள். ஆவுடையாள் வீட்டு அடுப்பு அங்கேயே எரிந்தது, அவள் பேத்தி அடுப்பும் அங்கேயே எரிந்தது. செங்கழி நாட்டில் யார் பல்லிலும் அதற்கப்புறம் மண் நறநறக்கவில்லை.

ஆகவே கேட்டவர்களே, இந்தக் கதை சொல்லும் நீதி இதுதான்: உழைப்பவருக்குப் பங்கு தருவதாகச் சொன்னால் மட்டும் போதாது, அந்தப் பங்கு பெருகும்போது அதைக் குறைக்காமல் கொடுப்பவருக்கே உழைப்பவர் இரண்டு கையாலும் உழைப்பார்.